பஞ்சு, நூல், காகிதம், நார்: எது எதோடு ஏன் ஒட்டுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைசிங் மில்லுக்கும் (தறிக்குப் போகும் நூலுக்குக் கஞ்சி போடும் ஆலை) அட்டைப்பெட்டிப் பட்டறைக்கும் ஸ்டார்ச்சும் பசையும் கொண்டுபோய்க் கொடுத்து, அது சரியாகப் பிடிக்கிறதா என்று கூடவே நின்று பார்த்துவிட்டு வருவது என் வேலை. பல்லடம், சோமனூர், சென்னிமலை, பள்ளிபாளையம், திருப்பூர் என்று போகிற இடத்திலெல்லாம் இந்தக் கேள்விகள் வருகின்றன. சைசிங் மேஸ்திரி கேட்டதையே அடுத்த வாரம் பைண்டிங் கடைக்காரர் வேறு வார்த்தையில் கேட்பார். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

செல்லுலோஸ், செல்லுலோஸ்னு சொல்றீங்களே, அது என்னதுங்க?

செடி தன் உடம்பைக் கட்டிக்கொள்ளும் பொருள் அது. 1838-ல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயன் தாவரங்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார். குளுக்கோஸ் சர்க்கரையை வரிசையாகக் கோத்த நீளமான சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தியில் ஒரு சங்கிலிக்குப் பத்தாயிரம் குளுக்கோஸ் வரை இருக்கும். காய்ந்த பருத்தி இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்தான். மரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. தேங்காய் நாரில் இன்னும் குறைவு, அதில் லிக்னின் என்ற மரப்பிசின் அதிகம்.

நமக்கு வேண்டிய விஷயம் இதுதான்: அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு குளுக்கோஸிலும் ஹைட்ராக்சில் என்ற மூன்று 'கைகள்' வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது ஒரு கை. அது பக்கத்தில் இருக்கும் இன்னொரு கையைப் பிடிக்கும், தண்ணீரையும் பிடிக்கும். இந்தப் பிடிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். ஒன்று தனியாக ரொம்ப பலவீனமானது. ஆனால் கோடிக்கணக்கில் சேரும்போது தாளாகவும் மரமாகவும் நிற்கிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்தக் கைகளைப் பற்றியவை.

பசையே போடாம காகிதம் எப்படிங்க ஒண்ணா நிக்குது?

பல காகிதங்களில் ஸ்டார்ச் சேர்க்கிறார்கள், ஆனால் காகிதத்தின் அடிப்படைப் பிடிப்பு பசையால் வருவதில்லை. கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழக அரசு 1979-ல் தொடங்கிய காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுப்பது நமக்கெல்லாம் தெரியும். அங்கே நடப்பதைச் சுருக்கிச் சொன்னால்: சக்கையை வேகவைத்து லிக்னினை நீக்கி இழையாக்குகிறார்கள், தண்ணீரில் கலக்குகிறார்கள், வலையில் ஊற்றி வடிக்கிறார்கள், உருளையில் அழுத்தி, சூட்டில் காயவைக்கிறார்கள்.

அந்தக் காயும் நேரத்தில்தான் ஒட்டுதல் நடக்கிறது. ஈரமான இரண்டு இழைகளுக்கு நடுவில் மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற, அதன் பரப்பு இழுவிசை இரண்டையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டே வரும். நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே விசை. கடைசியில் தண்ணீர் போய்விடும். அது பிடித்திருந்த கைகள் இப்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மீட்டரைக் கோடியாகப் பங்கு வைத்து, அதையும் நூறாகப் பங்கு வைத்தால் வரும் நீளத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி, அவ்வளவுக்குள் வந்தால்தான் இந்தப் பிடிப்பு ஏற்படும். காய்ந்த பஞ்சைக் கையால் எவ்வளவு அழுத்தினாலும் அவ்வளவு கிட்டே வராது. தண்ணீர்தான் கொண்டுவந்து சேர்க்கிறது.

கூழை இயந்திரத்தில் போட்டு அடிப்பதும் இதற்காகத்தான். அடிபட்டால் இழை வீங்கி வளைந்துகொடுக்கும், தோலிலிருந்து மயிர் மயிராகக் கிளம்பும். தொடுகிற பரப்பு கூடும், பிடிப்பும் கூடும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பழைய நோட்டுத் தாளில் விரல் அகலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றைத் தண்ணீரில் நனையுங்கள், இன்னொன்றைத் தேங்காய் எண்ணெயில் நன்றாக ஊறவிடுங்கள். இரண்டையும் இழுங்கள். தண்ணீரில் நனைந்தது தொட்டதும் வந்துவிடும். எண்ணெயில் ஊறியது கிட்டத்தட்டக் காய்ந்த தாள் மாதிரியே தாங்கும். இரண்டும் ஈரம்தான், ஆனால் எண்ணெய்க்கு அந்தக் கைகளைப் பிடிக்கத் தெரியாது. பிறகு தண்ணீரில் கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பூனை முடி மாதிரி மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இழை அறுபடவில்லை, இழைக்கும் இழைக்கும் நடுவில் இருந்த பிடி விட்டுப்போனது.

அப்ப தண்ணியில காகிதம் கரையுது, வேட்டி ஏன் கரையறதில்லீங்க? ரெண்டும் ஒரே சரக்குத்தானே?

சரக்கு ஒன்று, கட்டுமானம் வேறு. சக்கை இழை ஒன்றரை மில்லிமீட்டர் நீளம் இருந்தாலே அதிகம். நல்ல பருத்தி இழை 28, 30 மில்லிமீட்டர் வரும். அதை முறுக்கி நூலாக்கும்போது ஒரு இழையை இன்னொன்று அழுத்திப் பிடிக்கிறது. அங்கே வேலை செய்வது முறுக்கும் உராய்வும். தண்ணீர் வந்து கைகளைப் பிரித்தாலும் முறுக்கு அவிழாது.

இன்னும் ஒன்று சொன்னால் பலர் நம்புவதில்லை: பருத்தி நூல் நனைந்தால் பலம் கூடும். இழைக்குள் இருக்கும் சங்கிலிகள் நீளமானவை, ஒழுங்காக அடுக்கப்பட்டவை. தண்ணீர் புகுந்ததும் உள் இறுக்கம் தளர்ந்து, இழுவிசை எல்லாச் சங்கிலிக்கும் சமமாகப் பிரியும். விஸ்கோஸ் என்ற ரேயான் நேர்மாறு. அதுவும் செல்லுலோஸ்தான், ஆனால் கரைத்துத் திரும்ப இழுத்த குட்டைச் சங்கிலி. நனைந்தால் சுமார் பாதி பலம் போய்விடும். ரேயான் துணியைத் துவைக்கும்போது முறுக்கிப் பிழியாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

ரூபா நோட்டு சட்டைப்பையோட துவைச்சாலும் ஒண்ணும் ஆகறதில்லையே?

நம் ரூபாய் நோட்டுக் காகிதம் முழுக்கப் பருத்தி. நீளமான இழை, நிறைய இடத்தில் பின்னிக்கிடக்கும். அதோடு இப்படி ஈரத்தைத் தாங்க வேண்டிய காகிதங்களில், காயும்போது இறுகித் தண்ணீரில் திரும்பக் கரையாத பிசினைச் சேர்ப்பது காகிதத் தொழிலில் வழக்கம். தேயிலைப் பை கொதிநீரில் கரையாமல் இருப்பதும் இந்த வகைதான்.

பாவுக்குக் கஞ்சி எதுக்குப் போடோணும்? முறுக்குத்தான் பிடிச்சிருக்குதுன்னீங்களே?

நூலை நூலாக வைத்திருக்க முறுக்கு போதும். தறியில் ஓட அது போதாது. பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, வெயிலில் நீட்டிப் பார்த்தால் சுற்றிலும் மயிர் நிற்கும். தறியில் அச்சும் விழுதும் (நூல் நுழைந்து போகும் சீப்பும் கண்ணிகளும்) நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை அந்த நூலை உரசும். மயிர்கள் பக்கத்து நூலோடு சிக்கும், இழுபடும், அறும். கஞ்சி அந்த மயிரைப் படிய வைத்து நூலுக்கு மேலே ஒரு தோல் போடுகிறது. கொஞ்சம் உள்ளே இறங்கி இழைகளை ஒன்றோடொன்று கட்டவும் செய்கிறது.

ஸ்டார்ச் பருத்தியில் இவ்வளவு இயல்பாகப் பிடிக்கக் காரணம், அதுவும் அதே குளுக்கோஸ் சங்கிலி. கோத்த விதம் மட்டும் வேறு. செல்லுலோஸ் நேராக நீண்டு ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும், ஸ்டார்ச் சுருண்டும் கிளைவிட்டும் போகும். இரண்டிலும் அதே கைகள். அதனால்தான் நம் பெரியவர்கள் பாவடியில் (பாவு நீட்டும் திறந்த இடம்) பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் கட்டைப் பிரஷால் நீவிவிட்டபோதும் வேலை நடந்தது, இன்று சேலம், நாமக்கல் பக்கத்துக் குச்சிக்கிழங்கு மாவை மில்லில் காய்ச்சிப் போடும்போதும் நடக்கிறது.

மாவை அப்படியே தண்ணீரில் கலக்கித் தடவினால் பிடிக்காது. பச்சை மாவு மணி மணியாக இறுகிக் கிடக்கும், கைகள் எல்லாம் உள்ளே மடங்கியிருக்கும். கிழங்கு மாவு 60, 70 டிகிரியில் வீங்கி வெடித்துக் கூழாகும்போதுதான் சங்கிலிகள் வெளியே வரும். பாதி வெந்த கஞ்சி நூலில் தூளாக நிற்கும், தறிக்கடியில் வெள்ளையாகக் கொட்டும். தறிக்கடியில் மாவு கொட்டுகிறது என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் போய்ப் பார்ப்பது காய்ச்சும் பானையின் வெப்பமானியைத்தான்.

கஞ்சி கூடப் போட்டா நூல் இன்னும் பலமா இருக்குமுல்லீங்களா?

இருக்காது. ஒரு அளவுக்கு மேல் தோல் தடித்து மொறுமொறுப்பாகிவிடும், நூல் நீண்டு கொடுக்கும் தன்மையை இழக்கும். தறிக்கு வேண்டியது பலத்தை விட வளைவு. பருத்திக்கு நூல் எடையில் நூற்றுக்கு 8 முதல் 15 வரைதான் வழக்கம். நூல் நம்பரையும் (நூலின் பருமனைச் சொல்லும் எண்) துணியின் நெருக்கத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தறிக்கூடத்தின் காற்று காய்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும். ஈரப்பதம் 75, 80 சதவீதம் இருந்தால் கஞ்சித்தோல் இளக்கமாக இருக்கும். சித்திரை வெயிலில் நூல் அறுவது கூடினால் கஞ்சியை மாற்றுவதற்கு முன்னால் காற்றில் ஈரத்தை ஏற்றிப் பாருங்கள். அநியாயத்துக்கு மாவுதான் திட்டு வாங்குகிறது.

பாலியஸ்டர் கலந்த நூலுக்குக் கிழங்கு மாவு மட்டும் போட்டா உதிருதுங்களே?

உதிரத்தான் செய்யும். பாலியஸ்டரில் அந்தக் கைகள் கிடையாது. சாதாரணக் காற்றில் வைத்தாலே பருத்தி தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். தண்ணீருக்கே ஒட்டாத இடத்தில் தண்ணீரில் கரைந்து வரும் ஸ்டார்ச் எப்படி ஒட்டும்? அதனால் பாலிவினைல் ஆல்கஹாலோ அக்ரிலிக் பிசினோ சேர்க்கிறார்கள். அவற்றின் சங்கிலியில் தண்ணீருக்குப் பிடித்த பகுதியும் எண்ணெய்த் தன்மை கொண்ட பகுதியும் இருப்பதால் இரண்டு நாரையும் பிடிக்கும்.

கோராத் துணி தண்ணியில மிதக்குது. இதுதான் தண்ணியை இழுக்கற பஞ்சுங்களா?

அதே பஞ்சுதான். கோரா என்றால் தறியிலிருந்து வந்தபடியே இருக்கும், இன்னும் வெளுக்காத துணி; அதன் இழை மேலே மெழுகு இருக்கிறது. காயில் இருக்கும்போது இழையைக் காக்கச் செடியே பூசிவிட்ட மெழுகு. எடையில் ஒரு சதவீதம்கூட இருக்காது, ஆனால் வெளியே இருப்பதால் அதன் ராஜ்யம்தான். கைகள் எல்லாம் அதற்கு அடியில் மறைந்திருக்கும்.

காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்கவைத்தால் மெழுகும் பெக்டின் என்ற செடிப்பசையும் போய்விடும். சோதிக்கக் கருவி வேண்டாம். துணியை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு முத்து மாதிரி நின்றால் இன்னும் போகவில்லை. பட்டென்று பரவி மங்கினால் சாயத்துக்குத் தயார். ஓரிடத்தில் மட்டும் பார்க்காதீர்கள், இரண்டு ஓரத்திலும் நடுவிலும் விட்டுப் பாருங்கள். சாயம் திட்டுத் திட்டாக வருவதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் கிடக்கும். பாவு நூலுக்குக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கப் போடுவதற்கும் இது ஒரு காரணம்: அந்தச் சூட்டில் மெழுகு இளகி வழிவிடும்.

சாயம் ஒட்டறதும் கஞ்சி ஒட்டற மாதிரித்தானுங்களா?

சில சாயங்கள் அப்படி. 1884-ல் வந்த காங்கோ சிவப்பு போன்ற நேரடிச் சாயங்கள் நீளமான தட்டை மூலக்கூறுகள். செல்லுலோஸ் சங்கிலியோடு பக்கவாட்டில் படுத்து ஹைட்ரஜன் பிணைப்பாலும் அதைப் போன்ற மெல்லிய ஈர்ப்பாலும் நிற்கும். அதனால் துவைக்கத் துவைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நீலிச்சாயம் வேறு வழி: கரைந்த நிலையில் இழைக்குள் போய், காற்றுப் பட்டதும் கரையாததாகி உள்ளே மாட்டிக்கொள்ளும்.

திருப்பூர் பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இந்த இரண்டும் இல்லை. 1956-ல் கடைக்கு வந்த இந்தச் சாயம் செல்லுலோஸின் கையோடு வேதியியல் முறையில் ஒன்றாகிவிடும். இது ஹைட்ரஜன் பிணைப்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பலமான பந்தம். தண்ணீர் வந்து பிரிக்கிற விஷயமே இல்லை.

அப்ப உப்பு எதுக்குங்க மூட்டை மூட்டையாக் கொட்டறோம்?

தண்ணீரில் பருத்தி லேசான எதிர்மின் ஏற்றம் கொள்ளும். சாயமும் எதிர்மின் ஏற்றம் உள்ளது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு நடுவில் நின்று அந்தத் தள்ளலை மறைக்கும், சாயம் இழையிடம் போகும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரை உப்புப் போகிறது. பிறகு சோடாச் சாம்பல் போட்டுக் காரம் ஏற்றினால்தான் மேலே சொன்ன பந்தம் ஏற்படும். உப்பு கூட்டிக்கொண்டு வரும், சோடா கட்டிவைக்கும்.

உப்பு துணியில் தங்காது, போட்டது அத்தனையும் வெளியே வரும். சாயத்திலும் ஒரு பங்கு செல்லுலோஸைப் பிடிப்பதற்கு முன்னால் தண்ணீரையே பிடித்துக்கொண்டு வீணாகும். அந்த உப்பும் நிறமும்தான் நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகுதான் கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, உப்பையும் திரும்ப எடுப்பது கட்டாயம் என்ற நிலை உறுதியானது. குறைந்த உப்பில் பிடிக்கும் சாயத்தைப் பற்றி யாராவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். ஒட்டுதல் சரியாக நடக்காததன் விலையை அணைக்குக் கீழே இருக்கும் தோட்டங்கள் கொடுத்தன.

மழைக்காலத்துல அட்டைப்பெட்டி ஏன் தொய்யுதுங்க? பசை கோளாறுங்களா?

முதலில் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். பிரித்த இடத்தில் காகிதத்தின் இழை கிழிந்து வந்தால் பசை நன்றாக இருக்கிறது, காகிதம்தான் ஈரம் குடித்திருக்கிறது. வழவழவென்று சுத்தமாகப் பிரிந்தால் பசையைப் பாருங்கள். பெட்டிப் பட்டறையின் பசையும் ஸ்டார்ச்தான். காஸ்டிக் சேர்ப்பது குறைந்த சூட்டிலேயே கூழாவதற்கு, வெங்காரம் சேர்ப்பது பிசுபிசுப்புக்கு. உருளையில் சூடு குறைந்தால் உள்ளே பச்சை மாவாகவே நின்றுவிடும், பாவுக்குச் சொன்ன அதே கதை.

காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் பெட்டி தாங்கும் சுமை பாதிக்கும் கீழே போகலாம். நனையவே வேண்டாம், காற்றின் ஈரமே போதும். அடுக்கைத் தரையில் வைக்காமல் கட்டைமேல் வையுங்கள், மழை மாதங்களில் ஒரு அடுக்குக் குறைத்து வையுங்கள்.

மைதாப் பசையும் ஃபெவிகாலும் காகிதத்துல ஒட்டுது, பிளாஸ்டிக்ல ஏன் ஒட்டறதில்ல?

இரண்டு காரணம். ஒன்று, பாலித்தீனில் பிடிக்கக் கை இல்லை; பசை பரவாமல் முத்து முத்தாக நிற்கும். இரண்டாவது, இந்தப் பசைகள் எல்லாம் தண்ணீர் போனால்தான் இறுகும். காகிதமோ மரமோ தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டுவிடும், பசையும் அந்த வழியாக இழைகளுக்குள் வேர்விடும். இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில் தண்ணீர் எங்கே போகும்? மறுநாள் பிரித்தாலும் ஈரமாகவே இருக்கும்.

பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் துளி மயில்துத்தம் போடுவது ஒட்டுவதற்காக இல்லை, பூச்சியும் பூஞ்சையும் வராமல் இருக்க. அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பொள்ளாச்சித் தேங்காய் நாரை ரப்பரோட ஒட்ட வைக்கறாங்களே, பிளாஸ்டிக்கோட கலந்தா மட்டும் ஏன் பிரியுது?

மெத்தைக்குப் போகும் சுருட்டு நாரில் ரப்பர்ப் பால் தெளித்துச் சூட்டில் இறுக்குகிறார்கள். பால் தண்ணீரோடு வருவதால் நாரை நனைக்கும், நார்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் தேங்கி முடிச்சு மாதிரி இறுகும். உருக்கிய பாலிப்ரொப்பிலீன் நாரை நனைக்காது, சுற்றி நிற்கும். வளைத்தால் நார் உறையிலிருந்து வாள் உருவுவது போல வழுக்கி வரும்.

தீர்வு, நடுவில் ஒரு தரகரை வைப்பது. பாலிப்ரொப்பிலீன் சங்கிலியிலேயே மாலியிக் அன்ஹைட்ரைடு என்ற பொருளைச் சேர்த்து ஒரு பிசின் செய்கிறார்கள். அதன் ஒரு பக்கம் நாரின் கையைப் பிடிக்கும், மறுபக்கம் பிளாஸ்டிக்கோடு கலந்துவிடும். அதற்கு முன் நாரைக் காஸ்டிக்கில் ஊறவைத்துக் கழுவினால் மேல்மெழுகு போய்ப் பரப்பு சொரசொரப்பாகும். அளவு மீறினால் நாரே நைந்துபோகும், கவனம்.

பழைய காகிதத்தையே திரும்பத் திரும்பக் கூழாக்கினா பலம் ஏன் குறையுதுங்க?

ஒவ்வொரு முறை காயும்போதும் இழையின் உள்சுவர்களில் இருக்கும் கைகள் தங்களுக்குள்ளேயே பிடித்துக்கொள்கின்றன. அடுத்த முறை தண்ணீரில் போட்டால் அவற்றில் ஒரு பகுதி திறப்பதில்லை. இழை முன்போல வீங்காது, விறைத்து நிற்கும், பக்கத்து இழையோடு படியாது. அதனால்தான் பழைய காகிதத்தோடு கொஞ்சம் புதுக் கூழும் சேர்க்கிறார்கள், ஸ்டார்ச்சும் கூட்டுகிறார்கள்.

கஞ்சியே போடாத ஈரோட்டுத் துண்டு வெயில்ல காஞ்சா அப்பளம் மாதிரி விறைக்குதே, அது எதுனாலங்க?

ஒரு சாயப்பட்டறை அக்கா கேட்டது, எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பலர் சோப்பு நின்றுவிட்டது என்பார்கள். கடினத் தண்ணீரின் உப்பும் கொஞ்சம் சேரும். ஆனால் நல்ல தண்ணீரில் அலசிய துண்டும் விறைக்கும். அசையாமல் தொங்கிக் காயும்போது, பக்கத்துப் பக்கத்து இழைகளுக்கு நடுவில் கடைசியாக நிற்கும் துளி ஈரம் இரண்டையும் பிடித்து நிறுத்துகிறது. காகிதம் உருவாகும் முறைதான், துண்டில் சிறிய அளவில் நடக்கிறது. சாதாரணக் காற்றில் பருத்தி எட்டரை சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சொன்னேனே, அந்த ஈரமே பசை.

இரண்டு கையாலும் பிடித்து நாலு உதறு உதறினால் அந்தப் பிடிகள் விட்டு இளகிவிடும். காற்றில் ஆடிக் காய்ந்தது அவ்வளவு விறைப்பதில்லை. காயப்போடும்போது ஒரு தடவை, பாதி காய்ந்ததும் ஒரு தடவை உதறிவிடச் சொன்னேன். அடுத்த முறை போனபோது, மெத்துன்னு இருக்குதுங்க என்று துண்டைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.